காய்ச்சலுக்கு ஒரு விடால்

நாலைந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால், லேபுக்கு எழுதித் தரும் சீட்டில் விடால் டெஸ்ட் இல்லாமல் இருப்பது அரிது. 1896இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் விடால் அறிமுகப்படுத்திய முறை இது. டைபாய்டு கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால், செத்த கிருமிகள் கலந்த திரவத்தோடு சேரும்போது அந்தக் கிருமிகள் குருணை குருணையாகத் திரளும். கண்ணாடித் தகட்டில் செய்தால் சில நிமிட வேலை. பெரிய கருவி வேண்டாம், செலவும் குறைவு. சின்ன ஊர் லேபுகள் இதை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் இந்தச் சோதனையில் தெரிவது கிருமி வந்த தடம் மட்டும்தான். அது எப்போது வந்தது என்று தெரியாது. டைபாய்டு புழங்கும் நம் நாட்டில் பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோ பலருக்கு அந்தத் தடம் ஏற்கெனவே இருக்கும். மலேரியாவிலும் பொய்யாகக் காட்டுவதுண்டு. அப்படியிருக்க, ரிப்போர்ட்டில் எதிர்ப்பொருள் அளவு 1:80 என்று பார்த்ததுமே ‘ரத்தத்தில் டைபாய்டு கிருமி இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு ஊறியிருக்காது. நிஜமாகவே டைபாய்டு வந்தவர் நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு வீடு திரும்பலாம். நாமோ பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் கையை நீட்டுகிறோம்.

பத்து, பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்க வேண்டும் என்கின்றன பாடநூல்கள். காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு யார் அவ்வளவு நாள் காத்திருப்பார்கள்? இதை டாக்டர்களின் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். சோதனையின் குறையே அதுதான்.

பிளட் கல்ச்சர் கிருமியையே வளர்த்துக் காட்டும், எந்த மருந்து கேட்கும் என்பதையும் சொல்லும். ஆனால் சில நாள் ஆகும், செலவு கூடுதல், பத்தில் நான்கு டைபாய்டையாவது தவறவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் இன்னும் மோசம்.

அதற்காக விடாலை நம்பி மாத்திரை கொடுப்பது பாதுகாப்பான வழியும் அல்ல. டெங்கு நோயாளிக்கு டைபாய்டு என்று பெயர் சூட்டினால் தட்டணுக்களைக் கவனிக்க வேண்டிய நாட்கள் கைநழுவும். ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் பெரும்பாலும் பலிப்பதில்லை. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் மிச்சமிருக்கும் மருந்துகளையும் அந்த வழிக்கே தள்ளுகிறது. முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கும் வசதி தாலுகா மருத்துவமனை வரை வந்துவிட்டால், விடாலைக் கைவிடத் தயங்க வேண்டியதில்லை.