தீமைக்கு இசை அமைத்தல்

டோல்கீனின் பெருங்கதையாகிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று திரைப்படங்களாக வெளியிட்டார். இசையமைத்த ஹவர்ட் ஷோர், வாக்னரின் முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு மக்களுக்கும் ஒவ்வொரு தீய சக்திக்கும் தனித்தனி இசைக்கருவை வகுத்தார். முதற்படத்தின் இசையும் மூன்றாம் படத்தின் இசையும் ஆஸ்கார் விருது பெற்றன. அது தகுதியே. ஆயினும் இறையியல் பயில்வோர் ஒன்று கேட்கவேண்டும்: இன்னது தீமை என்பதை இவ்விசை எதைக்கொண்டு நமக்கு அறிவிக்கிறது?

சாருமான் என்னும் மந்திரவாதி மரங்களை வெட்டி உலையிலிட்டுப் படைக்கலம் வார்க்கும் இடம் ஐசன்கார்ட். அதன் இசை ஐந்தடித் தாளத்தில் நடக்கிறது. பட்டடையும் உலோகத் தகடுகளும் இடைவிடாது அதிர்கின்றன. ஐந்தடி என்பது மேனாட்டார் செவிக்கு நொண்டும் நடை. கண்டசாபு கேட்டுப் பழகிய நமக்கோ அதில் ஊனம் எதுவும் தோன்றுவதில்லை! நம்மை நடுங்கச் செய்வது தாளமன்று. இளைப்பாறுதல் அறியாத அப்பட்டடையே.

இதனினும் ஆழமானது மோதிரத்தின் சோதனை. அதற்கு ஷோர் முரசையோ எக்காளத்தையோ தேடவில்லை. சிறுவர் பாடற்குழுவின் தூய குரலைத் தந்தார். ஏதேனின் கனியும் எவரையும் அச்சுறுத்தவில்லை, அழகாகவே இருந்தது (ஆதி. 3:6). பாவத்தைப்பற்றி நாம் செய்யும் பிரசங்கங்கள் பல இவ்வளவு உண்மையாய் இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால் சவுரோனின் இசையில் நாம் இடறுகிறோம். அங்கே ஊதப்படுவது ரைத்தா. வட ஆப்பிரிக்காவில் திருமண ஊர்வலங்களில் ஒலிப்பது, சீவாளி வைத்து ஊதும் நம் நாதசுரத்துக்கு உறவுடையது. நல்லோரான ஹாபிட்டுகளுக்கோ அயர்லாந்தின் வயலினும் சிறுகுழலும். இசையமைப்பாளர் எவரையும் இழிவுபடுத்த எண்ணினார் என்று நாம் சொல்லவில்லை. எனினும் மேனாட்டார் இல்லத்தின் ஒலி நன்மையாகவும், அயலான் மணவீட்டின் ஒலி தீமையாகவும் அமைந்துவிட்டன. சோதனைக்குக் குழந்தைக் குரலைத் தேர்ந்த நுண்ணறிவு இங்கே உறங்கிவிட்டது.

ஷோரைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டோ என்பது வேறு. பறையை ஆலயத்துக்குப் புறம்பே நிறுத்தியவர் நாமே. அதையும் நாட்டுப்புறப் பாடலையும் வழிபாட்டுக்குள் கொணர, மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு அவர்கள் உழைத்த உழைப்பைப் பலரும் அறிவர். ஆயினும் ஒரு சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தைச் சில ஆண்டுகளுக்குமுன் கண்டோம். தேவதூதன் தோன்றியபோது ஆர்கன் ஒலித்தது. ஏரோது நுழைந்தபோது பறை முழங்கிற்று. பறையடித்த இளைஞன் அச்சபையின் பிள்ளை. அவன் காட்சி முடிந்ததும், பறையை வெளியே வைத்துவிட்டு வந்து உட்காரும்படி அவனுக்குச் சொல்லப்பட்டது.