கட்டியக்காரன் நிற்கும் இடம்

‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ படத்தின் தலைப்பில் 23 என்ற எண் எப்படி வந்தது என்பதைப் பலரும் மறந்திருப்பார்கள். அரசிக்கு முதலில் பிறந்த 22 பிள்ளைகளும் தங்கவில்லை. தங்கிய பிள்ளைதான் புலிகேசி. தியேட்டரில் அந்தச் செய்திக்கே சிரிப்பு எழுந்தது. இருபத்திரண்டு சாவுகளைத் தலைப்பிலேயே சுமந்துகொண்டு வந்த ஒரு நகைச்சுவைப் படத்தை, குழந்தைகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பார்த்தோம். சிம்புதேவனின் முதல் படம் அது. ஷங்கர் தயாரிப்பில் 2006 ஜூலையில் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நான் திரும்பத் திரும்பப் பார்த்து வரும் படங்களில் அதுவும் ஒன்று. பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் இருட்டு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

கதை நடப்பது பாளையக்காரர் காலம். வெள்ளையன் உள்ளே நுழைந்துவிட்டான். குடிகள் பசியில் கிடக்கிறார்கள், அரசனுக்கு அது தெரியவில்லை, தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல மனமில்லை. இதே சரக்கை வைத்துக் கண்ணீர்க் காவியம் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். சிம்புதேவன் செய்தது வேறு. அந்த அரசவைக்கு நடுவே வடிவேலுவை உட்கார வைத்தார். ஓவியன் தன் முகத்தை ஒரு பயில்வான் உடம்பின் மேல் வரைந்து தர வேண்டும் என்று புலிகேசி கேட்கும் காட்சியைப் பாருங்கள். வரலாறு முக்கியம் என்று அமைச்சரிடம் சொல்லுகிற அந்த வசனம் இன்று நம் கைபேசிகளில் விளையாட்டாகச் சுற்றுகிறது. ஆனால் சுவரில் தொங்கும் அரச ஓவியங்களை எப்படி நம்புவது என்ற கேள்வியை அதைவிடச் சுருக்கமாகத் தமிழ்ப்படம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதைவிட ஒரு படி மேலே நிற்பது சாதிச் சண்டை மைதானம். குடிகள் சாதி பேசி அடித்துக்கொள்வதற்கென்றே அரசன் ஒரு மைதானம் கட்டித் திறந்து வைக்கிறான். விளையாட்டரங்கத் திறப்பு விழாவுக்கு உண்டான எல்லா மரியாதையும் அதற்கு உண்டு. வடிவேலு அந்தக் காட்சியில் ஒரு துளி கூடக் கேலி செய்வதில்லை. மக்களுக்கு நல்லது செய்துவிட்ட ஒரு மன்னனின் நிறைவு அவர் முகத்தில் இருக்கிறது. நடிகன் தான் சொல்வதை முழுக்க நம்பினால்தான் பார்ப்பவனுக்கு உறைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1990களின் கடைசியில் தென்மாவட்டங்களில் நடந்த கலவரங்களை நேரில் அறிந்தவர்கள் அந்த மைதானத்தைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சிரித்திருப்பார்கள், சந்தேகமில்லை. சிரித்து முடித்த பிறகு வாய் கசந்திருக்கும்.

இந்தப் படத்தை எங்கள் திருத்தணிக்காரர்கள் பார்க்கும்போது இன்னொரு படமும் கூடவே ஓடும். 1959இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. அதற்குக் கதை ஆலோசனை சொன்னவர் ம.பொ.சி. கட்டபொம்மனைப் பற்றிப் புத்தகம் எழுதி, அவரைத் தமிழர் நினைவுக்குள் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நின்றவர். அதே ம.பொ.சி.தான், தமிழறிஞர் மங்கலங்கிழாரோடு சேர்ந்து தமிழகத்தின் வடக்கெல்லைக்காகப் போராடினார். சித்தூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. படம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது. ஆகவே கயத்தாற்றில் 1799இல் தூக்கு மரத்தடியில் நின்ற கட்டபொம்மன் இங்கே ரொம்ப வேண்டப்பட்டவர். புலிகேசியின் அரசவை, முறுக்கு மீசை, வெள்ளைத் துரையின் வரவு எல்லாமே அந்த 1959ஆம் ஆண்டுப் படத்தின் எதிரொலிகள். சிம்புதேவன் கட்டபொம்மனைக் கிண்டல் செய்யவில்லை. கட்டபொம்மனைப் போல் இல்லாமல் போன மற்ற பாளையக்காரர்களை எடுத்துக்கொண்டார். வெள்ளையனோடு ஒத்துப்போனவர்களுக்கு வீரவசனம் எழுத முடியாது. அவர்களைச் சொல்வதற்கு நகைச்சுவைதான் நேர்மையான வழி.

நம் சரித்திரப் படங்கள் நெடுங்காலம் நகைச்சுவையைத் தனியாகத்தான் வைத்திருந்தன. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே எழுதி, தனியே படமாக்கிக் கொடுத்த காலம் உண்டு. கலைவாணரின் அறிவும் அன்பும் அந்தக் காட்சிகளைத் தூக்கி நிறுத்தின, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் கையில் அந்த வழக்கம், துக்க வீட்டிலிருந்து எழுந்து தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவதைப் போல ஆகிவிட்டது. டீ நன்றாகவே இருக்கலாம். துக்கம் பாட்டுக்கு வீட்டிலேயே கிடக்கும்.

துக்கத்துக்கு உள்ளேயே நின்று சிரிக்க வைக்கும் கலை எங்கள் பக்கத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. தொண்டை மண்டலம் முழுக்க, திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அரக்கோணம் சுற்று வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று துரியோதனன் விருத்தம் பாடுவான். நமக்குத் தெரிவது கிரீடத்தின் நுனியும் சலங்கை கட்டிய காலும் மட்டும். முகவீணை ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்பவன் கட்டியக்காரன். தலையில் ஒரு கூம்புக் குல்லாய், தொளதொளவென்று ஒரு சட்டை. புஜக்கட்டை கிடையாது, கிரீடம் கிடையாது. வருவது யார், எந்த நாட்டு ராஜா என்று அவன் கேட்பான். ராஜா செந்தமிழில் முழங்குவதை எல்லாம் இவன் ரேஷன் கடைத் தமிழில் நமக்குச் சொல்வான். அரசனுக்கு வேலைக்காரனும் அவன்தான், நம் சார்பில் அரசனிடம் வாய் கொடுப்பவனும் அவன்தான்.

பகடைத் துகில் நடக்கும் இரவில்தான் அவன் திறமை தெரியும். சூதில் தருமன் ஒவ்வொன்றாக இழந்துகொண்டு வரும்போது கட்டியக்காரன் அடிக்கும் நையாண்டியில் கூட்டம் புரண்டு சிரிக்கும். துச்சாதனன் பாஞ்சாலியை இழுத்துவரப் புறப்படும்போதும் அவன் பேச்சு நிற்காது, ஆனால் அதன் கூர் துச்சாதனன் பக்கம் திரும்பியிருக்கும். பாஞ்சாலியைப் பார்த்து ஒரு சொல் வராது. சபைக்கு வந்து நின்று அவள் நியாயம் கேட்கிறாள். தன்னையே தோற்றவன் என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று கேட்கிறாள். துகிலில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதன வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் அம்மனைக் கும்பிட்டு, இது வேடம், பொறுத்துக்கொள் தாயே என்று மன்னிப்பு வேண்டிக்கொண்ட பிறகுதான் சேலை நுனியைத் தொடுவார். நல்ல கட்டியக்காரன் அந்தக் கணத்தில் வாயைத் திறக்கமாட்டான். ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை விழுந்து விழுந்து சிரித்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், சிலருக்கு அருள் வந்திருக்கும். சிரித்து இளகிப்போன மனசில் அந்தக் கொடுமை இறங்குகிற ஆழம், தொடக்கத்திலிருந்தே அழவைத்த மனசில் இறங்காது. இதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். தெருவை அடைத்துக் கிடக்கும் துரியோதனனின் மண்ணுருவத்தைச் சுற்றிப் போர் நடக்கும், பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கும் பெண் வேடம் முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விளாசும். ஜனங்கள் சிரித்துக்கொண்டே முண்டியடித்து அடி வாங்குவார்கள். பேய் பிசாசு விலகும் என்று நம்பிக்கை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒப்பாரியும் சிரிப்பும் நேர்த்திக்கடனும் நடக்கும்.

பொன்பாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் நகரி. அந்தப் பக்கமும் தர்மராஜா கோயில், பாரதத் திருவிழா, துரியோதனன் மண்ணுருவம் எல்லாம் உண்டு. அவர்களுக்கு இன்னொரு செல்வமும் வாய்த்திருக்கிறது, புர்ரகதை. தம்புராவோடு நடுவில் நிற்பவர் கதை சொல்வார். இரண்டு பக்கமும் நிற்கும் துணைக் கலைஞர்களில் ஒருவர் அரசியல் பேசுவார், மற்றவர் ஹாஸ்யம் செய்வார். 1757இன் பொப்பிலி யுத்தம், அல்லூரி சீதாராம ராஜு என்று ரத்தம் சிந்திய வரலாறுகளை இந்த மூவர்தான் ஊர் ஊராகச் சொன்னார்கள். புர்ரகதைப் பெருங்கலைஞர் ஷேக் நாசர் வங்கப் பஞ்சத்தையே இந்த வடிவத்தில் பாடினார். பட்டினிச் சாவைச் சொல்லும் மேடையிலும் ஹாஸ்யக்காரருக்கு இடம் உண்டு என்று இந்த மண் முடிவு செய்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ராபர்ட்டோ பெனினியின் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படத்தைப் பார்த்தால் அந்த இத்தாலியர் நம் ஊர்க்காரராகத் தெரிவார். நாஜி முகாமில் ஜெர்மன் காவலன் விதிகளைக் கத்திச் சொல்கிறான். அப்பன் தனக்கு அந்த மொழி தெரியும் என்று முன்னால் வந்து நின்று, மகனுக்காக அதை ஒரு விளையாட்டின் விதிகளாக மாற்றிச் சொல்கிறான். காவலன் இடுப்பில் துப்பாக்கி, இவன் முகத்தில் அதே விறைப்பு. திரைக்கு முன்னால் நிற்கும் கட்டியக்காரன்தான் இவன். பெனினியின் தந்தை ஜெர்மானியர் முகாமில் அடைபட்டிருந்தவர், அந்த நாட்களைப் பிள்ளைகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் என்று தெரிந்த பிறகு, அந்தக் காட்சியின் மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது. சாப்ளின் கதை வேறு. வதைமுகாம்களின் முழுக் கொடுமையும் தெரிந்திருந்தால் 1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தை எடுத்திருக்க முடியாது என்று அவர் தன் சுயசரிதையில் எழுதினார். தெரியாமல் எடுத்ததும் நம் பாக்கியம்தான்.

தமிழில் இந்தக் கலையின் உச்சத்தையும் சறுக்கலையும் ஒரே படத்தில் காட்டியவர் பாலா. 2013இல் வந்த ‘பரதேசி’. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் வெளியிட்ட நாவலிலிருந்து பிறந்த படம். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் தோட்டத்தில் கொத்தடிமைகளாகச் செத்தவர்களின் கதைக்கு, பாலா முதல் பாதியை ஏறக்குறைய நகைச்சுவையாகவே எடுத்திருக்கிறார். வசனம் நாஞ்சில் நாடன், அந்தக் கிராமத்துப் பேச்சின் ருசி அவர் தந்தது. அதர்வா நடித்த ராசா, தமுக்கு அடித்து ஊருக்குச் செய்தி சொல்பவன். ஊரே அவனைக் கேலி செய்யும்.

அந்தக் கல்யாணக் காட்சியைக் கவனியுங்கள். வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார். வெளியே சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், சோறும் போய்விடும். மறைக்கிறார்கள். நாம் சிரிக்கிறோம். பந்தியில் ராசாவுக்கு மட்டும் சோறு விழவில்லை, அவனை விரும்பும் அங்கம்மாவின் குறும்பு அது. அதற்கும் சிரிக்கிறோம். அவன் அழும்போதுதான் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. ஒரு வேளை நெல்லுச் சோற்றுக்காகச் சாவையே ஒளித்து வைக்கும் ஊர் இது என்று அப்போது உறைக்கிறது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்து இனிக்க இனிக்கப் பேசும்போது இவர்கள் ஏன் கைநாட்டு வைத்தார்கள் என்று படம் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பசியின் முழு வரலாற்றையும் சிரிப்பிலேயே சொல்லி முடித்துவிட்டார் பாலா. பிறகு அந்த நீண்ட நடை. வழியில் விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த இடத்திலிருந்து சிரிப்பு கிடையாது. கூத்தில் கற்பூரம் ஏற்றும் இடத்தில் கட்டியக்காரன் வாய் மூடுவதற்கு இணையான நிறுத்தம் அது.

அந்த நிறுத்தத்தை அவரே பிற்பாதியில் உடைத்துவிட்டார் என்பதுதான் என் தீராத வருத்தம். தோட்டத்தில் கொள்ளைநோய் பரவுகிறது, ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அங்கே வரும் மருத்துவர் மதம் மாற்ற வந்த கோமாளியாகப் பாட்டுப் பாடி ஆடுகிறார். நாவலில் தொழிலாளிக்காகப் பரிதவித்து நிற்கும் மருத்துவர் இருந்த இடம் அது. கேலிக்கு உரியவர்கள் தோட்டத்துரையும் கங்காணியும்தான். பிணங்களுக்கு நடுவே, உதவிக்கு வந்தவனைக் கோமாளியாக்கியதில் கூர் தப்பான ஆள் மேல் பாய்ந்துவிட்டது. டேனியலுக்கு இழைத்த அநீதி என்றே அதைச் சொல்வேன். கடைசியில் அங்கம்மா பிள்ளையோடு அதே தோட்டத்துக்குள் வந்து நிற்பதைப் பார்த்து ராசா கதறும் காட்சி படத்தை மீட்டுக்கொண்டாலும், அந்தப் பாட்டின் கறை போகவில்லை.

‘தெனாலி’யை (2000) இந்த வரிசையில் சேர்க்கச் சொல்லும் நண்பர்கள் உண்டு. ஈழப் போரிலிருந்து தப்பி வந்தவனின் பயங்களை வைத்துப் பின்னிய நகைச்சுவை. கமலின் யாழ்ப்பாணத் தமிழும் பயங்களின் பட்டியலும் அருமை. ஆனால் போர் அங்கே பயத்துக்கு ஒரு காரணமாக வந்துபோகிறதே தவிர, அந்தச் சிரிப்புக்குள் இல்லை. போரை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும். புலிகேசியிலிருந்து பாளையங்களின் வீழ்ச்சியை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

இருண்ட வரலாற்றை நகைச்சுவையோடு படமாக்க நினைக்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். திரைக்கதை எழுத உட்காரும் முன், இந்த வருடம் அக்னி வசந்த விழா நடக்கும் ஏதாவது ஒரு ஊருக்குப் போய், பகடைத் துகில் இரவு முழுக்கத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். கட்டியக்காரன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடையாது, யாரும் உங்களை யார் என்று கேட்கமாட்டார்கள். ஆட்டம் விடியும்வரை நடக்கும், நடுவில் எழுந்து வந்துவிடாதீர்கள்.