மரமும் மீனும்: ஒரு கேலிச்சித்திரத்தின் மறுபக்கம்

எல்லார்க்கும் ஒரே பரீட்சை என்னும் முறையைச் சாடி எழுந்த கேலிச்சித்திரங்களுள், பல நாடுகளிலும் மீண்டும் மீண்டும் பெயர்த்து வரையப்பட்ட ஒன்று, ஜேர்மனிய ஓவியர் ஹான்ஸ் திராக்ஸ்லர் 1970-களின் நடுப்பகுதியில் வரைந்ததாகும். ஒரு மரம்; அதன்முன் மேசையிட்டு வீற்றிருக்கிறார் ஆசிரியர். அவரெதிரே குரங்கு, பறவை, யானை, கடல்நாய், நாய் ஆகியன வரிசையாய் நிற்கின்றன. மீனொன்று கண்ணாடிக் கலத்துள் இருக்கிறது. தேர்வு நீதியாக அமைதல் வேண்டுமாதலால் யாவர்க்கும் வினா ஒன்றே, அம்மரத்தில் ஏறுக என்கிறார் அவர். படத்தின் பெயர் 'சமவாய்ப்பு'. (இதனோடு ஐன்ஸ்டைன் பெயரால் ஒரு பொன்மொழியும் அண்மைக் காலத்தில் சேர்ந்து உலவுகிறது. அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்றில்லை.)

இப்படத்தின் வன்மை விலங்குகளில் இல்லை. 'நீதி' என்ற சொல்லில் உளது. அவ்வாசிரியர் பிரம்பெடுத்தவர் அல்லர். ஒருதலைச் சார்பின்றி நடப்பதாகவே அவர் நம்புகிறார். அந்நம்பிக்கையே நகைக்கு இடமாகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நாளன்று பாடசாலை வாயிலில் நின்ற பெற்றோர் எவர்க்கும் இந்நகையின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

மாணாக்கரை விலங்குகளாகக் காண்பது நமக்குப் புதிதன்று. நன்னூலார் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமை கூறினார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பவணந்தியார் ஒப்பிட்டது கற்கும் முறையை. நுனிப்புல் மேயும் ஆடுபோற் கற்பவன் நாளை பசுவைப்போல நின்று மேயப் பழகலாம். திராக்ஸ்லரின் மீனோ என்றும் மீனே. அதற்கு மரமேறப் பயிற்றுவார் எவருமிலர்.

இவ்விடத்திலேதான் படத்தின் குறையும் தொடங்குகிறது எனக் கருதுகிறேன். பிள்ளைகளிடையே காணும் வேறுபாடெல்லாம் பிறவியிலேயே அமைந்தவை என்று அது சொல்லாமற் சொல்லுகிறது. கணித ஆசிரியரின்றி ஓராண்டைக் கழித்த வகுப்பிலுள்ள பிள்ளை மீன் அன்று. ஏறக் கற்பிக்கப்படாத குரங்கு.

இனி, ஒரே அளவுகோல் என்பதே அநீதி எனும் முடிபை இலங்கைத் தமிழர் எளிதில் ஏற்றுக்கொள்ளல் இயலுமா? 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் மருத்துவத்துறை புகச் சிங்களமொழி மூலம் எழுதியவர்க்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ்மொழி மூலம் எழுதியவர்க்கு 250 வேண்டப்பட்டது. அன்று நம்மவர் வேண்டி நின்றது அந்த ஒரே மரத்தைத்தான். அந்நாளில் இப்படம் அதிகாரி ஒருவர் கைக்கு எட்டியிருப்பின், தம் செயலுக்கு அரணாகவே அதனை அவர் காட்டியிருக்கலாம். யாவர்க்கும் ஒரே அளவு நீதியாகாது என்று அதுவும் சொல்கிறதன்றோ?

1974-இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது நிலைமை மேலும் சிக்கலாயிற்று. யாழ்ப்பாணத்து மாணாக்கர் பலர்க்கு அது கதவை அடைத்தது. வசதி குறைந்த மாவட்டங்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. பின்னர் பெரும்பாலான கற்கைநெறிகளில் திறமைக்கு 40, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் என்ற பங்கீடு அமைந்தது. அப்பதினாறனுள் திருகோணமலையும் ஒன்று. ஆகவே, அளவு வேறுபட்டதால் இழந்தவரும் பெற்றவரும் நம் கல்லூரியின் பழைய மாணவரிடையே ஒருங்கே இருத்தல் கூடும். மொழிபற்றி அளவை மாற்றியதும், வசதியின்மை கருதி அளவை மாற்றியதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட மரமும் மீனும் போதா.

இதனினும் கூரிய சித்திரம் ஒன்றைத் தூரிகை எடாமலே தீட்டியவர் நாவலாசிரியர் ஆர். கே. நாராயண். கேலிச்சித்திரக்காரர் இலக்ஷ்மணின் தமையனாராகிய அவர், 1989-இல் இந்திய மாநிலங்களவையில் ஆற்றிய உரையில், புத்தகச் சுமையாற் கூனிக் கைகள் முன்தொங்க நடக்கும் பிள்ளைகள் மனிதக் குரங்குபோல் ஆகின்றனர் என்றார். இவ்விவாதத்தின் வழியே யஷ்பால் குழு அமைந்து, 1993-இல் அறிக்கை தந்தது. திராக்ஸ்லரிடம் பிள்ளை விலங்காகவே பள்ளிக்கு வருகிறது. நாராயணிடம் பள்ளிதான் பிள்ளையை விலங்காக்குகிறது. குற்றம் எங்கே என்பதைப் பின்னதே சுட்டுகிறது.

1964-இல் 'சிரித்திரன்' கண்ட கரவெட்டிச் சிவஞானசுந்தரமும், சவாரித்தம்பர், மிஸிஸ் டாமோடிரன் எனத் தெருவிற் காணும் மாந்தரையே கேலிக்கு எடுத்தார். 'சுந்தர்' கை இத்துறையிற் செல்லுமாயின், மரத்தை விட்டு, அம்மரத்தடிக்குப் பிள்ளை வந்துசேரும் வழியை வரைந்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது.

அவ்வழி நம் மாவட்டத்தில் எத்தகையது? துறைமுகத்துக்குத் தெற்கே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலவேலை முடிவுறாதிருந்த காலத்தில், மக்கள் மிதப்புப் பாதையிலேயே நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23-ஆம் நாட் காலை அது கவிழ்ந்தது. உயிரிழந்தவருள் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். அக்கரையிலும் இக்கரையிலும் வினாத்தாள் ஒன்றே.