ஆடுகுதிரை அறிந்த இரகசியம்

டி. எச். லோறன்ஸ் எழுதி 1926 இல் வெளிவந்த ‘ஆடுகுதிரை வெற்றியாளன்’ என்னுஞ் சிறுகதையைப் பேய்க்கதையாகப் படிப்போர் உளர். பேராசை கொண்ட தாயொருத்தியின் கதையெனப் படிப்போரும் உளர். இவ்விரு வாசிப்புக்களும் கதையின் நடுவே நிற்கும் தாய்மாமன் ஒஸ்காரை எளிதில் தப்பவிட்டுவிடுகின்றன.

குதிரைப் பந்தயக் கதைகளில் வழமையாக நிகழ்வது யாது? நம்பிய துப்புப் பொய்க்கும், பணம் போகும், நம்பியவன் அழிவான். லோறன்ஸ் இதனைத் தலைகீழாக்குகின்றார். சிறுவன் போல் தன் ஆடுகுதிரை மீது வெறியுடன் ஆடி, வெல்லப்போகும் குதிரையின் பெயரை அறிந்துகொள்கின்றான். அவன் உறுதியாக அறிந்த வேளைகளில் அத்துப்புப் பொய்ப்பதில்லை. ஆயினும் அவன் அழிகின்றான். தோல்வியைத் தற்செயலின் மேற் சுமத்தும் வாய்ப்பை ஆசிரியர் இவ்வாறு அகற்றிவிடுகின்றார். இதுவே கதையின் தனிச்சிறப்பு.

உட்தகவல் என்பது பிறர் அறியாதவரை மட்டுமே விலைபெறும் பண்டம். எனவே அதற்கு வாய்திறவாக் கூட்டாளிகள் வேண்டும். முன்னாட் படைவீரனான தோட்டக்காரன் பாசெற் பந்தயங் கட்டுவதையும் பணத்தைப் பூட்டிவைப்பதையும் கவனிக்கின்றான். மாமனோ மூன்றாவது பங்காளியாக வந்து சேர்கின்றான். மருமகன் எவ்வாறு அறிகின்றான் என்பதை அவன் ஆழ்ந்து விசாரிப்பதில்லை. விசாரித்தால் வருவாய்க்குப் பங்கம் நேரலாம். லெஜர் பந்தயத்தில் ஒன்றுக்குப் பத்தாகச் சிறுவன் பத்தாயிரம் பவுண் ஈட்டுகின்றான். அதில் ஐயாயிரம் குடும்ப வழக்கறிஞர் மூலம் தாய்க்குப் போகின்றது. கடன் அடைவதற்குப் பதிலாக, மேலும் பணங் கேட்கும் வீட்டின் முணுமுணுப்புப் பேரிரைச்சலாகின்றது. பணத்தின் இயல்பை இத்துணை நுட்பமாகக் காட்டிய இடங்கள் ஆங்கிலச் சிறுகதையில் அதிகமில்லை.

ஈழத்து வாசகர் தரித்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. சிறுவனுக்கு முதல் வெற்றியைத் தந்த குதிரையின் பெயர் ‘சிங்களீஸ்’. இறுதி வெற்றியைத் தந்தது ‘மலபார்’. லோறன்ஸ் 1922 இல் கண்டியிற் சில வாரங்கள் தங்கியவர். 1815 ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை நாயக்கர் வழியினரை ‘மலபார்’ இனத்தவர் என்றே குறிக்கின்றது. தமிழரையும் ஆங்கிலேயர் அப்பெயராற் சுட்டினர். இதனை ஆசிரியர் கருதியே செய்தார் எனச் சாதித்தல் மிகையாகும். எனினும் பேரரசின் குடிகள் இலண்டன் கனவானின் பந்தயக் குதிரைகளுக்குப் பெயர்களாக மட்டும் எஞ்சுவது அக்கால மனநிலைக்குச் சான்றுதான்.

கதையின் முடிவு குறைகூறப்படுவதுண்டு. எண்பதாயிரத்துச் சொச்சம் வரவு, ஒரு மகன் செலவு என்ற பொருள்படக் கணக்கு முடிக்கும் பேச்சை மாமனிடம் கொடுத்தது, ஆசிரியர் தம் தீர்ப்பையே அவன் வாயில் வைத்ததாகச் சிலருக்குத் தோன்றுகின்றது. அவ்வாறு கொள்வதற்கில்லை. காய்ச்சலிற் பிதற்றிய பிள்ளையின் வாயிலிருந்து ‘மலபார்’ என்ற பெயரைக் கேட்ட மாமன், ஒன்றுக்குப் பதினான்கு என்ற விகிதத்தில் ஆயிரம் பவுண் கட்டினான். டேர்பிப் பந்தயம் முடிந்த அன்று மாலை, சாகக் கிடக்கும் சிறுவனின் அறைக்கு வந்து குதிரை வென்ற செய்தியை மெல்லச் சொன்னவன் பாசெற். அன்று மாலை மாமன் வரவில்லை.