விலையின்மையும் விடுதலையும்

கேரளப் பாடசாலைகளின் கணினிக் கல்வியைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அதனால் மிச்சமான பணத்தையே எடுத்துரைக்கின்றனர். இது புறநோக்கென்றே நாம் கருதுகின்றோம்.

2001 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு அத்திட்டத்தை ஆரம்பித்தது. தொடக்ககாலப் பாடநூல் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்து நின்றது. அதனை எதிர்த்துக் குரலெழுப்பியோருள் ஆசிரியர் சங்கத்தினர் முக்கியமானவர்கள். அதன் பின்னரே லினக்ஸ் பாடமாகவும் பரீட்சையாகவும் வகுப்பறையில் நிலைகொண்டது.

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமையே அதன் உயிர்நிலை. தான் இயக்கும் பொறியின் உள்ளமைப்பை அறியாத தொழிலாளி அதற்கு அடிமையாதல் போல, மூடிய மென்பொருளின் முன்னே மாணவன் வெறும் நுகர்வோனாகின்றான்.

ஆயினும், கட்டளைகளை மனனஞ் செய்வித்துப் பரீட்சை நடத்தின் லினக்ஸும் மூடிய ஏடேயாகும். 2018 இல் உருவான 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் நிரலாக்கம் பயிற்றுவிப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் தெரிவுப் பரீட்சையில் தேறியோர்க்கே அங்கு இடமுண்டு. எஞ்சியோர்க்கு அவ்வுரிமை ஏட்டளவினதேயன்றோ?

ஆசிரியர் தொடக்கிய போராட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை. கடைசி வாங்கில் இருக்கும் மாணவனும் நிரலைத் திறந்து படிக்கும் நாளிலேயே அது நிறைவெய்தும்.