பண்டரிபாய்: அம்மா ஆவதற்கு முன்னால்

நம்ம பிரேசர் டவுன் தமிழ்க் குடும்பங்களில் பண்டரிபாய் என்று சொல்லிப் பாருங்கள். "மன்னன் படத்து அம்மாதானே?" என்பார்கள். 1992இல் ரஜினிகாந்துக்குத் தாயாக வந்த அந்த முகம் அப்படிப் பதிந்துவிட்டது. தப்பில்லை. ஆனால் பேரேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் கணக்கு முடிக்கமாட்டார்கள். முதல் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

வடகன்னடத்துப் பட்கலில் பிறந்தவர் அவர். 1952இல் 'பராசக்தி' வெளிவந்தபோது சிவாஜியின் முதல் கதாநாயகி. 1954இல் 'பேடர கண்ணப்பா'வில் ராஜ்குமாருக்கும் முதல் கதாநாயகி. இரண்டு மொழிகளின் இரண்டு பெரும் நடிகர்கள் நாயகனாக அடியெடுத்து வைத்தபோது எதிரில் நின்றவர் இந்த ஒருவர்தான். பெங்களூர்த் தமிழர்களாகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய சங்கதி இது.

அவருடைய திறமைக்கு உரைகல் எது என்று கேட்டால், அதே 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' என்பேன். பாட்டே இல்லாத படம். ஜப்பானுக்கு உளவு சொன்ன கணவன், மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியால் மாண்டுபோகிறான். கடைசிவரை நமக்கு அவள்மேல் சந்தேகம் வருவதில்லை. காரணம், பண்டரிபாயின் அடக்கமான முகம். அந்தச் சாந்தத்துக்குள் தேசபக்தியும் தாம்பத்தியப் பாசமும் போராடுவதை அலட்டிக்கொள்ளாமல் காட்டியிருப்பார். படத்தின் மர்மமே அவர் முகத்தை நம்பித்தான் நிற்கிறது.

திரையுலகம் செய்தது என்ன? அந்தச் சாந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே நடந்த போராட்டத்தை விட்டுவிட்டது. 1968இல் 'குடியிருந்த கோயி'லில், தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த எம்.ஜி.ஆருக்கு அம்மா! 1969இல் 'தெய்வமக'னில் ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிகளுக்குத் தாய். நாயகர்கள் வருஷாவருஷம் இளைஞர்களாகவே இருந்தார்கள். வயதை இவர்தான் சுமந்தார்.

இது தமிழ்நாட்டு வழக்கம் மட்டுமல்ல. 1937இல் 'லாஸ்ட் ஹொரைசன்' படத்தின் நாயகி ஜேன் வயட்டை அமெரிக்கர்கள் பிற்பாடு தொலைக்காட்சி அம்மாவாகத்தான் அறிந்தார்கள். ஆனால் அந்த வேடத்துக்கு மூன்று எம்மி விருது கொடுத்து, அதையும் நடிப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். நாமோ "நல்ல அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டோம்.

1973இன் 'கௌரவம்' பாருங்கள். வீம்பு பிடித்த பாரிஸ்டரின் மனைவியாக, கணவனுக்கும் வளர்த்த பிள்ளைக்கும் நடுவில் அவர் தவிக்கும் தவிப்பு இல்லையென்றால், சிவாஜியின் இரட்டை வேடத்துக்கு அத்தனை கனம் வந்திருக்காது.

2003இல் அவர் மறைந்தார். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'அந்த நாள்' போட்டுக் காட்டுங்கள். முடிவை மட்டும் முன்னாடியே சொல்லிவிடாதீர்கள்.