துடியான சின்னக் கார்: தீவுப் பாதையில் ரசிப்பது எப்படி?

இலங்கையில் ஊர்மனைக்குள் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. சட்டம் இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று குறிகாட்டுவான் இறங்குதுறை வரை போகும் பாதையில் அந்த 70-ஐத் தொடக்கூடிய இடங்களே குறைவு. மதகு வரும், கிடங்கு வரும், மாடு வரும், வெள்ளைச் சீருடையில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் வருவார்கள். இந்தப் பாதைக்கு 130, 140 குதிரைவலுவுள்ள கார் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. என் பதில்: துடியான சின்னக் காரின் சுகம் முழுவதும் 30-க்கும் 70-க்கும் இடையில்தான் கிடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு தேடினால் சரியான கார் அகப்படும். தெரியாமல் தேடினால் வேகமான கார் மட்டுமே அகப்படும்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் நகரத்திலிருந்து வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பிரதேச செயலகம் என்று வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குறிகாட்டுவானில் காரை விட்டுவிட்டு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகிறவர்களும் இருக்கிறார்கள். அநேகரிடம் இருப்பது ஒரு அல்ரோ, அல்லது வாகன் ஆர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் அதே காரை இழுத்து ஓட்டியவர்கள் இப்போது மாற்ற நினைக்கிறார்கள். அடுத்த கார் வேலைக்குக் கொண்டுபோய் விடுவதோடு ஓட்டுகிற மனத்துக்கும் ஏதாவது தரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் மேலே படியுங்கள்.

கார் ரசனை நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஒஸ்ரின் ஏ40-உம் மொறிஸ் மைனரும் ஓடுகின்றன. அவற்றை வெறும் பழம்பொருளாகப் பார்க்கக் கூடாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மைனருக்கு அப்போது இருந்தது 918 சிசி எஞ்சின். வலு மிகக் குறைவு. ஆனால் பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட ஸ்ரியரிங் அதில் இருந்தது. அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களில் அது அருமை. மைனரை ஓட்டியவர்கள் இன்றும் அதன் ஸ்ரியரிங் கைக்குத் தந்த உணர்வைப் பற்றித்தான் பேசுவார்கள், வேகத்தைப் பற்றியல்ல. அதே இசிகோனிஸ்தான் 1959-இல் மினியைத் தந்தார். அந்த மினியின் கூப்பர் வடிவம் 1964-இல் மொன்ரே கார்லோ பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய கார்களை வென்றது.

எஞ்சினைக் காதால் அறியும் பழக்கத்தை நமக்குப் போர்க்காலம் தந்தது. 1990-க்குப் பின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது இந்தப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தீவகத்து மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்த காலமும் அதுதான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காக ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலைச் சொட்டவிட்டு எஞ்சினை எழுப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எந்தக் கணத்தில் மாற்றுவது என்பதைச் சத்தமே சொல்லும். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின் என்பதால் அவை தாங்கின. இன்றைய எஞ்சினில் அதைச் செய்தால் நொக்கிங் அடித்துப் பிஸ்ரன் போய்விடும். ஆனால் அந்தத் தலைமுறையின் காது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கார் பார்க்கப் போகும்போது அப்படியொரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

துடியான ஹச்பாக் என்ற வகைக்கு உலகம் முழுவதும் அளவுகோலாகிப்போனது 1976-இல் விற்பனைக்கு வந்த ஃபொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிரிஐ. 1,588 சிசி, 110 குதிரைவலு, எடை ஏறத்தாழ 810 கிலோ. 5,000 கார் செய்தால் போதும் என்று தொடங்கியவர்கள், முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். சந்தைக்குப் போகும் காரின் உடம்பு, அதற்குள் கொஞ்சம் கூடுதல் மூச்சு, இறுக்கமான அடிக்கட்டு: அவ்வளவுதான் சூத்திரம். அந்த 810 கிலோவை 110-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குதிரைவலுவுக்கு ஏழரைக் கிலோவுக்கும் குறைவு. இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் ஜப்பான் கார்களில் பெரும்பாலானவையும் அந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கின்றன.

இனி ரசிக்கும் முறை. முதலில் கை. பண்ணைத் தாம்போதியில் இருபக்கமும் கடல், காற்றைத் தடுக்க ஒரு மரமில்லை. சோளகக் காற்று உரத்து வீசும் மாதங்களில் தீவுப்பக்கம் போகும் காரின் முன்மூலையில் காற்று வந்து மோதும். 50-இல் போங்கள். ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களால் பிடியுங்கள். காற்றடிக்கும்போது கார் எத்தனை முறை திருத்தம் கேட்கிறது என்று கவனியுங்கள். வாகன் ஆர் 1,650 மில்லிமீற்றர் அளவு உயரம்; காற்று அதை நன்றாகவே தள்ளும். நாம் பார்க்கப்போகும் கார்களில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஏறத்தாழ 1,500, ஃபிட் 1,525. இந்த ஒரு சாண் கூட இல்லாத வித்தியாசத்தைத் தாம்போதியில் உங்கள் மணிக்கட்டே சொல்லிவிடும். நல்ல ஸ்ரியரிங் காற்று வந்ததையும், எந்தப் பக்க ரயர் ஈரத்தில் ஏறியது என்பதையும் சொல்லும். திருத்தம் செய்ய அரை விரல் அசைவு போதும். கெட்ட ஸ்ரியரிங் ஒன்றும் சொல்லாது, பிறகு திடீரென்று கேட்கும்.

அடுத்தது இருக்கை. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதி ஒடுங்கியது. மதகின்மேல் ஏறி இறங்கும்போது காரின் பின்பகுதியைக் கவனியுங்கள். ஒருதரம் எழும்பி, ஒருதரம் அமர்ந்து, அடங்கிவிட்டால் ஷொக் அப்சோர்பர் நல்லது. அமர்ந்த பிறகும் இன்னொருதரம் துள்ளினால் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ மலிவான ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். இறுக்கமான காரெல்லாம் முதுகை உடைக்கும் என்று நம்மிடையே ஒரு எண்ணம் உண்டு. உண்மையில் நன்றாக அமைத்த இறுக்கம் முதுகைக் காப்பாற்றும். தொளதொளத்த காரில் ஒரு மணிநேரம் ஆடியாடிப் போவதுதான் இடுப்பை வாங்கும்.

பிறகு கியர். வங்களாவடிச் சந்தியில் மெதுவாகத் திரும்பி, பாதை வெறிச்சென்று இருந்தால் இரண்டாம் கியரிலேயே 70 வரை எடுத்துப் பாருங்கள். ரேர்போ இல்லாத 1.5, 1.6 லீற்றர் எஞ்சின்கள் அப்போது ஐயாயிரம் சுற்றுகளை ஒட்டிப் பாடும். சட்டத்துக்குள் நின்றுகொண்டே எஞ்சினின் நல்ல பகுதியைக் கேட்டுவிடலாம் என்பதுதான் இதில் பெரிய விசயம். 400 குதிரைவலுக் காரில் இது முடியாது. அது விழிக்குமுன்பே 70 வந்துவிடும். மனுவல் என்றால் கால் நோகும் என்பது கொழும்பு நெரிசலுக்குரிய கவலை. பண்ணை தாண்டிய பிறகு கிளச்சை மிதிப்பது நெரிசலுக்காக அல்ல, விருப்பத்துக்காக.

கார்களுக்கு வருவோம். தேடினால் அகப்படக்கூடிய நான்கைச் சொல்கிறேன். 2011 இறுதியில் ஜப்பானில் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.6 லீற்றர், ரேர்போ இல்லை, 136 குதிரைவலு, 1,050 கிலோ, ஆறு கியர். கை பேசும் கார் என்றால் இதுதான். 2017-இல் வந்த அடுத்த ஸ்போர்ட் 1.4 லீற்றர் ரேர்போ, 140 குதிரைவலு. எடை 970 கிலோதான், பெரிய சாதனை. ஆனால் முறுக்குவிசை 230 நியூற்றன் மீற்றர், அதுவும் 2,500 சுற்றிலேயே வந்து நிற்கிறது. மிதித்தவுடன் 70. நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அருமை; எங்கள் பாதையில் ஒரு வாக்கியம் தொடங்குமுன் முற்றுப்புள்ளி வைத்தது மாதிரி. அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் இடைவெளி 120 மில்லிமீற்றர் என்பதையும் ஒழுங்கைக்குள் வீடு உள்ளவர்கள் யோசிக்கவேண்டும்.

மூன்றாவது, 2013-இல் வந்த தலைமுறை ஹொண்டா ஃபிட் ஆர்எஸ். 1.5 லீற்றர், 132 குதிரைவலு, மனுவல் என்றால் ஆறு கியர். ஒட்டோவும் உண்டு, அதை விட்டுவிடுங்கள். நான்காவது ஸ்விஃப்ட் ஆர்எஸ்ரி: 996 சிசி ரேர்போ, 102 குதிரைவலு, 930 கிலோ, ஆறு வேக ஒட்டோ மட்டும். எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடும் நாட்டில் ஆயிரத்துக்குள் நிற்கும் எஞ்சின் என்பதால்தான் இது இங்கே நிறைய வந்தது. சிக்கனமானது, சுறுசுறுப்பானது, வீட்டில் இருவர் மாறிமாறி ஓட்டுவதென்றால் நல்லது. ரசனைக்கு அரைவாசி தூரம் கொண்டுபோய் விடும்.

ரயரில் ஒரு கணக்கு உண்டு. ஸ்போர்ட்டில் 17 அங்குலச் சில்லு பூட்டியிருந்தால் ரயர் 195/45. சில்லின் விளிம்புக்கும் வீதிக்கும் இடையில் 88 மில்லிமீற்றர் றப்பர்தான். ஃபிட் ஆர்எஸ்ஸின் 185/55 பதினாறில் 102 மில்லிமீற்றர். அந்த 14 மில்லிமீற்றர்தான் புங்குடுதீவுக் கிடங்கில் சில்லு வளையாமல் காப்பது. ஸ்போர்ட் வாங்குவதானால் 16 அங்குலச் சில்லோடு உள்ளதைத் தேடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், ஓட்டம் கூடும். பெற்றோலையும் பாருங்கள். இரண்டு ஸ்போர்ட்டுக்கும் ஜப்பானில் உயர் ஒக்ரேன் எரிபொருள்தான் விதித்திருக்கிறார்கள், ஆகவே 95 ஊற்றவேண்டும்; அது எல்லா நிரப்பு நிலையத்திலும் இருக்காது. ஃபிட் ஆர்எஸ்ஸும் ஆர்எஸ்ரியும் சாதாரணப் பெற்றோலுக்கே அமைத்தவை.

இனி உப்பு. மற்ற ஊர்க்காரர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தீவகத்தாருக்கு இதுதான் எல்லாம். குறிகாட்டுவானில் காலையில் விட்ட கார் பின்னேரம் வரை கடற்காற்றில் நிற்கிறது. இரவு விட்டு வைத்தால் பிறேக் தட்டில் மறுநாள் செம்மஞ்சள் பூத்திருக்கும். அது இரண்டு மூன்று பிறேக்கில் போய்விடும், பயமில்லை. பயப்படவேண்டியது கண்ணுக்குத் தெரியாத கறளுக்கு. காரைக் கராஜில் கிடங்கின்மேல் நிறுத்தி, விளக்குப் பிடித்துப் பாருங்கள். பின்சில்லுக்கு முன்னால் கதவுப்படி முடியும் மூலை, பின் ஸ்பிரிங் அமரும் கிண்ணம், பிறேக் எண்ணெய்க் குழாய், தூக்கும் பின்கதவின் கீழ்மடிப்பு. கீழ்மடிப்பை விரல் நுனியால் தடவினால் நிறத்துக்குக் கீழே கொப்புளம் தட்டுப்படும். அங்கே தகரம் உள்ளிருந்து அரிபட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி, சில்லுக்கு மேலான வளைவில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பூச்சுத்தான் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த கார் புதிது என்று நம்பிவிடாதீர்கள். ஹொக்கைடோ போன்ற பனிப்பகுதிகளில் வீதியில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய காரின் அடிப்பகுதி நம் கடற்கரைக் காரைவிட மோசமாக இருக்கக்கூடும். ஏல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கார் கழுவும் தண்ணீரும் முக்கியம். தீவுகளில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் நாள்தோறும் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால், மேலே பளபளக்கும் வரை அல்ல, அடிப்பக்கமும் சில்லு வளைவுகளும் நனைய நனையக் கழுவுங்கள். குடிக்கவே நல்ல தண்ணீரைத் தேடிப் பிடிக்கும் ஊரில் காருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நகரத்துக்கு வரும் நாளில் கழுவிவிடுங்கள். இரண்டு வாளி போதும்.

நெடுந்தீவுக்காரர் ஒருவர் தன் காரைக் குறிகாட்டுவானோடு நிறுத்தவேண்டியதுதான். அங்கே பாலம் இல்லை. கரையிறங்கினால் ஓட்டோவோ லாண்ட் மாஸ்ரரோதான். ஆனால் அவருக்கும் இந்தப் பாதை முழுவதும் இருக்கிறது, காலையும் மாலையும்.

என் தீர்ப்பு: தீவுப் பாதைக்கு ஃபிட் ஆர்எஸ் மனுவல். சாதாரணப் பெற்றோல் குடிக்கும், ரயர் தடிப்பு, பின்னிருக்கையை மடித்தால் அரிசி மூட்டையும் ஏறும், அதே தலைமுறை ஃபிட் ஹைபிரிட் இங்கே நிறைய ஓடுவதால் கதவு, விளக்கு, கண்ணாடி தேடி அலையவேண்டியதில்லை. ஸ்போர்ட்டின் சுகத்தில் எண்பது வீதத்தைத் தருகிறது. கறள் இல்லாத 1.6 ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்று அகப்பட்டு, 95 பெற்றோலுக்குக் கணக்குப் பார்க்காத கை உங்களுக்கு இருந்தால் அதை எடுங்கள். என்னைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர்.

எதை எடுத்தாலும் ஆனி மாதத்தில், நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாச் சனம் குறிகாட்டுவானை நோக்கிப் போகும் நாட்களில், அந்தக் காரை மெதுவாக ஓட்டுங்கள். வாங்குமுன் விற்பவரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: ஓட்டிப் பார்ப்பது யாழ் நகரைச் சுற்றி அல்ல, பண்ணையிலிருந்து வேலணை வரை, காற்றுள்ள ஒரு பின்னேரத்தில். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் கார் வாங்காதீர்கள்.